எண்பது வீத வரவும் நுண்கணிதமும்

நுகேகொடையை முகவரியாகக் கொண்ட பல்கலைக்கழகங்கள் இரண்டு. 1873இல் வித்தியோதய பிரிவெனாவாகத் தொடங்கி 1959இல் பல்கலைக்கழகமான ஸ்ரீ ஜயவர்த்தனபுர கங்கொடவிலையில் இருக்கிறது. 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் நாவலையில். இரண்டிலும் கணிதம் படிப்பவர் தொடக்கத்திலேயே நுண்கணிதத்தைத் தாண்டியாக வேண்டும். பாடம் ஏறக்குறைய ஒன்றுதான். மாணவரை எதைக் கொண்டு அளப்பது என்பதிலேதான் இரண்டும் பிரிகின்றன. வழமையான பல்கலைக்கழகங்கள் முதலில் வரவைப் பார்க்கின்றன. திறந்த பல்கலைக்கழகம் தொடர் மதிப்பீட்டைப் பார்க்கிறது.

இலங்கையின் பல பீடங்களில் நடைமுறையிலுள்ள 80 வீத வரவு விதியை வெறும் கெடுபிடி என்று ஒதுக்க முடியாது. நுண்கணிதத்தில் எல்லை விளங்காதவருக்குத் தொடர்ச்சி விளங்காது. தொடர்ச்சி விளங்காதவர் வகையீட்டைச் சூத்திரமாகவே மனனம் செய்வார். ஒரு கிழமை தவறினால் அடுத்த மூன்று கிழமை தடுமாற்றம். உயர்தரத்தின் கடைசி ஆண்டில் பாடசாலையை மறந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் டியூட்டரியே கதியென்று கிடந்து, கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்து வந்த பிள்ளைக்கு இப்படியொரு ஒழுங்கு தேவைதான்.

ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கம்பஸில் வரும் சிக்கல் வேறு. ஓர் எண்ணை மும்மடங்காக்கி 1ஐக் கூட்டுகிறோம். அந்த எண் 2ஐ நெருங்கினால் விடை எதை நெருங்கும்? இணைந்த கணிதம் படித்தவர் கண்ணை மூடிக்கொண்டு 7 என்பார். விரிவுரையாளர் கேட்பது அதையல்ல. 7இலிருந்து விலகக்கூடிய அளவு எப்சிலன் என்று நான் குறித்தால், 2இலிருந்து எவ்வளவுக்குள் நின்றால் போதும் என்று காட்டு என்கிறார். எப்சிலனின் மூன்றிலொரு பங்கு போதும். உள்ளே வரும் விலகல் வெளியே மும்மடங்காகிறது, அவ்வளவுதான். ஆனால் விடை தெரிந்த கணக்கை எதற்காக நிறுவ வேண்டும் என்ற கேள்வி மாணவர் மனதில் கிடக்கிறது. தமிழில் உயர்தரம் படித்து ஆங்கில விரிவுரைக்குள் வந்தவர் அதை வாய்விட்டுக் கேட்பதுமில்லை. வரவுத்தாளில் அவருடைய கையொப்பம் மட்டும் ஒழுங்காக இருக்கும்; சில நாட்களில் அதுவும் பக்கத்திலிருந்த நண்பரின் கைவண்ணமாக இருக்கும்.

திறந்த பல்கலைக்கழகம் இந்த விடயத்தில் நேர்மையானது. பாடநூல் கையில் இருக்கிறது. டே ஸ்கூல் எனப்படும் நேரடி வகுப்புக்கு வருவதும் வராததும் பெரும்பாலும் மாணவர் விருப்பம். ஒப்படையிலும் இடைப் பரீட்சைகளிலும் போதிய புள்ளி இல்லையென்றால் இறுதிப் பரீட்சைக்குத் தகுதி இல்லை. பகலில் வேலை பார்த்துவிட்டு கொட்டாஞ்சேனையிலிருந்து 176 இலக்க பஸ்ஸில் வந்து இறங்குபவருக்குப் பட்டக் கல்வியின் கதவைத் திறந்தது இந்த ஏற்பாடுதான். குறை எங்கே என்றால், தகுதி இல்லை என்ற முடிவு ஒரு தீர்ப்பாகவே வந்து சேர்கிறது. எந்தப் படியில் சறுக்கினார் என்பதைப் பக்கத்திலிருந்து சொல்ல ஆளில்லை. ஒப்படையைப் பார்த்து எழுதியவரும் முட்டிமோதிச் செய்தவரும் அந்தப் புள்ளியில் ஒன்றாகிவிடுகிறார்கள்.

தனியாகப் படிப்பதன் விலையைக் கலிபோர்னியாவின் பெர்க்லியில் யூரி டிரைஸ்மன் 1970களில் கண்டார். நுண்கணிதத்தில் தவறிய கறுப்பின மாணவர்கள் பலர் உழைப்பாளிகளே. ஆனால் தனித்தனியே உழைத்தார்கள். சீன வழி மாணவர்கள் கூடியிருந்து ஒருவர் கணக்கை மற்றவர் திருத்தினார்கள். கடினமான கணக்குகளைக் குழுவாகச் செய்யும் பட்டறைகளை அவர் தொடங்கியதும் தேர்ச்சி உயர்ந்தது. 2014இல் ஸ்கொட் ஃபிரீமன் குழுவினர் விஞ்ஞான, கணித, பொறியியல் பாடங்களைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புகளில் தவறியோர் சுமார் 34 வீதம். மாணவரே செய்து பழகிய வகுப்புகளில் சுமார் 22 வீதம். கதிரையில் இருத்திவிட்டால் போதும் என்ற நம்பிக்கையை இந்த இடைவெளி அசைக்கிறது.

இன்னொரு பரவலான விதி, மீளப் பரீட்சை எழுதுபவர் எவ்வளவு எடுத்தாலும் சி தரத்துக்கு மேல் இல்லை என்பது. முதல் தடவையிலேயே சித்தியடைந்தவருக்கு அது நியாயம்தான். எனினும் எப்சிலன் பிடிபட ஓராண்டு எடுத்தவர், பிடிபட்ட பின் எவ்வளவு தெளிவாக எழுதினாலும் முந்திய ஆண்டின் மந்தத்தையே பட்டச் சான்றிதழில் சுமக்கிறார்.

விதிகளைத் தளர்த்துவது இதற்குப் பரிகாரமல்ல. எண்ணும் பொருளை மாற்ற வேண்டும். மூன்றாம் கிழமையிலேயே ஒரு சிறு பரீட்சை வைத்து, அடுத்த கிழமைக்குள் திருத்தித் திருப்பிக் கொடுக்கலாம். தவறியவர் அதே கணக்கைச் சிறு குழுவில் மறுபடி செய்து காட்டினால் அதையும் வரவாகப் பதியலாம். அந்தக் குழுவில் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதவும் இடம் இருக்கட்டும். விரிவுரையாளருக்கு இது கூடுதல் வேலை. ஆள்பலமில்லாத துறைகளில் மூத்த மாணவர்களை அமர்த்தாமல் முடியாது. அந்தச் செலவை ஏற்காத பல்கலைக்கழகம் மாணவரிடம் மட்டும் 80 வீதம் கேட்பது ஒருபக்க ஒப்பந்தம்.