பெறுநர் வேறு, நகல் வேறு

சனிக்கிழமை ஆனால் ஓசூர்ப் பையன்கள் நந்தி மலைக்கு வண்டியை விடுகிறார்கள். போகட்டும். பெங்களூரில் சீனக் கவிதை வாசிப்பு என்றால் அதற்கும் போய்விட்டு வந்து, அந்தக் காலத்துச் சீனாவில் கவிதை எழுதினால்தான் அரசாங்க வேலையாமே சார் என்று என்னிடமே வியக்கிறார்கள். நம் பக்கத்துத் தகடூர்ப் போரைச் சுற்றியும் அப்படி ஒரு கதை உண்டு, பாடியவர் அமைச்சரே ஆனார் என்று ஆரம்பித்தால் போதும், “சங்க இலக்கியமா? அதைப் பத்தாவதோடு விட்டாச்சு” என்று நழுவுகிறார்கள். எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படையை வேகமாக முடித்துவிடுவோம். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 2004 வரை கிருஷ்ணகிரியும் ஓசூரும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. அதை ஆண்ட மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனைப் பாடியவர் ஔவையார். பாட்டுகள் புறநானூற்றில் இருக்கின்றன, உ.வே.சா. 1894-இல் பதிப்பித்தார். அதியமான் கட்டுக்கதை என்பவர்களுக்கு ஒரு வரி: 1981-இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் அவன் பெயர் இருக்கிறது. இந்த ஔவை ஆத்திசூடி ஔவை அல்ல. சினிமாவில் கோலூன்றி வரும் பாட்டியைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். திணை, துறை எல்லாம் பிறகு தானாக வரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அரசு அலுவலகக் கடிதம் எதையாவது எடுத்துப் பாருங்கள். மேலே ‘பெறுநர்’ என்று ஒருவர். அடியில் ‘நகல்’ என்று இன்னொருவர். கடிதத்தின் சூடு பல சமயம் நகல் போகிற இடத்துக்குத்தான். அரசவைப் பாட்டும் அப்படித்தான். யாரைப் பார்த்துப் பாடுகிறார், யார் காதில் விழவேண்டும் என்று பாடுகிறார்: இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி ரசனை வந்துவிட்டது.

புறநானூறு 206-ஐப் பாருங்கள். பரிசில் தரத் தாமதிக்கிறான் அதியமான். ஔவை அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை; வாயில்காப்பவனைக் கூப்பிடுகிறார். உன் தலைவனுக்குத் தன் தரம் தெரியவில்லையா, என் தரம் தெரியவில்லையா என்று கேட்கிறார். கோடரியோடு காட்டுக்குள் போகும் தச்சன் பிள்ளைகளுக்கு மரத்துக்கா பஞ்சம், எங்களுக்கும் எந்தத் திசையிலும் சோறு உண்டு என்கிறார். பெறுநர், பாவம் அந்தக் காவலாளி. நகல், உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு. ராஜினாமா செய்யாமலே ராஜினாமாவைக் காதில் போடுவது இப்படித்தான். நேரே சொல்லியிருந்தால் சண்டை, சொல்லாமல் இருந்திருந்தால் பட்டினி.

அடுத்தது 95. அதியமானுக்காகத் தூது போன ஔவைக்குத் தொண்டைமான் என்ற அரசன் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். உங்கள் ஆயுதங்கள் மயிற்பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் பூசி அழகாக இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவை குத்திக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். ஒன்பதே அடி. இதைத்தான் பள்ளிக்கூடத்தில் வஞ்சப்புகழ்ச்சி அணி என்று இரண்டு மார்க்குக்கு மடக்கிக் கொன்றார்கள். பாட்டுக்குள் எந்த அரசன் பெயரும் கிடையாது. சூழல் முழுவதும் அடியில் உள்ள பழைய குறிப்பில் இருக்கிறது. குறிப்பை முதலில் படியுங்கள். இங்கே பெறுநர் தொண்டைமான். நகல், கூடவே நின்றிருக்கக்கூடிய அவன் படைத்தலைவர்களுக்கு. இது என் ஊகம்தான், ஆனாலும் விடமாட்டேன்.

87 தொழிற்சாலை ஊரான ஓசூருக்கென்றே பாடியது மாதிரி. ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் எப்படி இருக்கும், அப்படிப்பட்டவன் எங்கள் வீரன், களத்துக்கு வராதீர்கள் என்று பகைவருக்குச் சொல்கிறார். ஷிப்டுக்கு இத்தனை உருப்படி என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இதற்கு உரையே வேண்டாம்.

பட்டிமன்றக்காரர்கள் விடாமல் பிழியும் நெல்லிக்கனிப் பாட்டு, 91, நல்ல பாட்டுதான். ஆனால் அதில் நகல் இல்லை. வாழ்த்து நேரே அரசனுக்குப் போகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் மேடையில் சுலபமாகக் கைதட்டல் வாங்குகிறது.

சீனாவுக்கும் வருவோம். தாங் அரசு 681-இல் தேர்வில் கவிதையைச் சேர்த்தது. சோங் காலத்தில் அமைச்சர் வாங் அன்ஷி 1071-இல் அதை எடுத்துவிட்டார். இன்று உலகம் கொண்டாடும் கவிஞர் து ஃபூ அந்தத் தேர்வில் தோற்றவர். இன்னொரு கவிஞர் சூ ஷி தேறி அதிகாரியானவர். அவர் கவிதையில் நகல் யாருக்குப் போகிறது என்று எதிரிகள் கண்டுபிடித்துவிட்டதால் 1079-இல் கைதானார். அங்கே கவிதை வேலைக்குள் நுழைய ஒரு வாசல். ஔவைக்குப் பாட்டே வேலை.

அமைச்சரானவர் கதை பாக்கி. தகடூரை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் பாடினார். பதிகம் சொல்வது இது: அரசனும் அரசியும் அரண்மனைக்கு வெளியே வந்து நின்று, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒன்பது லட்சம் காணத்தோடு அரியணையையும் கொடுத்தார்கள். நீயே ஆள் என்று திருப்பித் தந்துவிட்டு, அவர் அமைச்சுப் பதவி ஏற்றார்.

அதே மனிதர்தான், அந்தத் தகடூர்ப் போரில் தோற்ற பக்கத்தில் விழுந்த எழினிக்குப் புறநானூற்றின் 230-ஆம் பாட்டில் அழுகிறார். அவன் நாட்டில் கன்றுகள் காட்டில் அச்சமின்றித் தங்கும், களத்து நெல்லுக்குக் காவல் வேண்டாம். விதைநெல்லைத் தின்ற உழவன் போல நீ முட்டாள் என்று கூற்றுவனைத் திட்டுகிறார். பெறுநர், எமன். நகல் யாருக்கென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? வென்றவனுக்குத்தான்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: மொத்தப் புறநானூற்றையும் வாங்கி அலமாரியில் வைக்காதீர்கள். 206, 95, 87, 230 என்ற வரிசையில் நான்கைப் படியுங்கள். 91-ஐ அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.