உற்றுப் பார்க்கும் விலங்குகள்: கஸுமாஸா நகாயின் இயற்கைச் சுவரொட்டிகளுக்கு ஓர் ஆவணக்காப்பகம்

சுவரொட்டிக்கு ஆயுள் குறைவு. கண்காட்சி முடிந்ததும் சுவரிலிருந்து இறங்கும். நாடகம் முடிந்ததும் அதன்மேல் வேறொன்று ஏறும். அத்தகைய பொருளைத் தலைமுறைகளுக்குக் காத்துவைக்க முனைபவர்கள், எதைக் காக்கிறோம் என்ற கேள்விக்கு முதலில் பதில் தேட வேண்டும். தாளையா, அதில் அச்சான படத்தையா, படம் பிறந்த காரணத்தையா? ஜப்பானின் வரைகலைக் காப்பகங்கள் பல ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடுதான் வேலை செய்துவருகின்றன. வரைகலை வடிவமைப்பாளர் கஸுமாஸா நகாயின் இயற்கைச் சுவரொட்டிகளை முன்வைத்து அந்த அனுபவத்தை இங்கே பரிசீலிக்கலாம். இத்தகைய காப்பகத்தின் தரம் அதன் கட்டடத்தையும் கணினியையும் விட அதன் பட்டியலையே நம்பியிருக்கிறது என்பது இக்கட்டுரையின் முடிவு.

கோட்டிலிருந்து உயிருக்கு

நகாய் 1929இல் ஒஸாகாவில் பிறந்தவர். டோக்கியோவில் சிற்பம் பயின்று, படிப்பைப் பாதியில் விட்டு, நூற்பாலை நிறுவனம் ஒன்றில் விளம்பர வடிவமைப்பு வேலைக்குச் சேர்ந்தார். 1960இல் யுசாகு காமேகுரா, ஹிரோமு ஹாரா, இக்கோ தனாகா முதலிய வடிவமைப்பாளர்கள் ஒன்றுகூடி நிப்பான் டிசைன் சென்டர் என்ற நிறுவனத்தைத் தொடங்கியபோது அவரும் உடனிருந்தார். ஜப்பானிய வரைகலையின் திருப்பமாகப் பேசப்படும் 1965ஆம் ஆண்டின் 'பெர்சோனா' கண்காட்சியில் பங்கேற்றவர்களில் அவரும் ஒருவர். 1972 சப்போரோ குளிர்கால ஒலிம்பிக்கின் சின்னம் அவர் கைவண்ணம்: உதய சூரியனும் பனிப்பூவும் எழுத்துகளும் சதுரங்களுக்குள் அடுக்கிவைக்கப்பட்ட துல்லியமான வடிவம். அக்காலச் சுவரொட்டிகளில் நேர்கோடுகளும் வளைவுகளும் அடர்ந்து விரிந்து, எல்லையற்ற வெளி ஒன்றைத் தோற்றுவிக்கும்.

1980களின் பிற்பகுதியில் அந்த வெளிக்குள் விலங்குகள் வந்தன. 'லைஃப்' என்ற தலைப்பில் தொடர்ந்த சுவரொட்டிகளில் பறவையும் மீனும் ஆமையும் குரங்கும் நம்மை நேருக்கு நேர் பார்க்கின்றன. உடலெங்கும் கோடுகளும் புள்ளிகளும் நிரம்பிய இந்த உயிர்கள் பலவற்றுக்கு விலங்கியல் நூலில் பெயர் தேட முடியாது. வேட்டைக்காட்சியோ அழகிய நிலக்காட்சியோ இங்கே இல்லை. பூமியில் நம்மோடு சமமாக வாழும் உரிமை உள்ள ஓர் உயிரின் பார்வை மட்டும் இருக்கிறது. அந்தப் பார்வையே நம்மைக் கேள்வி கேட்கிறது.

காப்பகம் அமைப்பவர் முதல் தவறு செய்யக்கூடிய இடமும் இதுதான். 'இயற்கை' என்ற தலைப்பின் கீழ் விலங்குகள் வந்த ஆண்டிலிருந்து சேகரிக்கத் தொடங்கினால், அவற்றின் வேர் அறுந்துபோகும். அறுபதுகளில் விண்வெளியாக விரிந்த அதே கோடுதான் பிற்பாடு ரோமமாகவும் இறகாகவும் செதிலாகவும் மாறியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடியாத காப்பகம் நகாயைப் பாதியாகவே காட்டும்.

ஏற்கெனவே உள்ளவை

டொயாமா நகரம் சுவரொட்டிச் சேகரிப்பில் முன்னோடி. அங்கே 1981இல் திறக்கப்பட்ட நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கண்காட்சிச் சுவரொட்டிகளை நகாய் தொடர்ந்து வடிவமைத்தார். ஒரே கலைஞர் ஒரே நிறுவனத்துக்காகப் பல்லாண்டுகள் வரைந்த வரிசை உலகில் அரிது. 1985 முதல் அந்நகரில் நடந்துவரும் சர்வதேசச் சுவரொட்டி மூவாண்டுக் கண்காட்சி, சேகரிப்பைத் தொடர்ந்து வளர்த்தது. 2017இல் புதிய கட்டடத்துக்கு இடம்பெயர்ந்த அந்த அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் பெரிய தொடுதிரையில் சுவரொட்டிகளைத் தேடிப் பார்க்கலாம்.

டாய் நிப்பான் அச்சு நிறுவனத்தின் பண்பாட்டு அறக்கட்டளை வேறொரு பாடம் தருகிறது. 2002இல் மறைந்த இக்கோ தனாகாவின் சுவரொட்டிகளோடு நூல்களும் மூலப் படங்களும் வேலைக் காகிதங்களும் அங்கே சேர்ந்தே இருக்கின்றன. முடிந்த அச்சைப் போலவே அதற்கு முந்தைய தயக்கங்களும் திருத்தங்களும் அங்கே மதிக்கப்படுகின்றன.

எச்சரிக்கை கவாசாகியிலிருந்து வருகிறது. 2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயல் மழை கொட்டியபோது அந்நகர அருங்காட்சியகத்தின் நிலவறைச் சேமிப்பகங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. சுவரொட்டி, மங்கா, புகைப்படம், பழைய ஆவணங்கள் என ஏறத்தாழ 2,30,000 பொருட்கள் பாதிக்கப்பட்டன. பூஞ்சை பரவாமல் தடுக்க, நனைந்த தாள்களை உறைய வைத்துப் பின்னர் மெல்ல உலர்த்த வேண்டியிருந்தது. ஆற்றுச் சமவெளியில் நிலவறையைச் சேமிப்பகமாக்கக் கூடாது என்பது இனி விவாதத்துக்கு உரியதே அல்ல.

தாளும் மையும்

நகாயின் சுவரொட்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானின் வழக்கமான பி1 அளவு: 728 × 1030 மில்லிமீட்டர். சுருட்டி வைத்தால் ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் ஓரம் கிழியும், மை வெடிக்கும். அகலமான தட்டையான இழுப்பறைகளும் அமிலமற்ற உறைகளும் இன்றியமையாதவை. ஜூன் மாத மழைக்காலத்தின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அறையும் வேண்டும். காட்சிக்கு வைக்கும்போது வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது. சில மாதங்களுக்குப் பின் தாள் இருட்டுக்குத் திரும்ப வேண்டும்.

ஓவியத்துக்கு இல்லாத ஒரு வசதி சுவரொட்டிக்கு உண்டு: பிரதிகள். ஒன்றைக் காட்சிக்கும், இன்னொன்றை ஒருபோதும் வெளிச்சம் காணாத ஒப்பீட்டுப் பிரதியாகவும், மூன்றாவதை வேறு ஊரிலும் வைக்கலாம். கவாசாகிக்குப் பிறகு இந்த மூன்றாவது பிரதி கட்டாயம்.

பட்டியல் என்னும் வடிவமைப்பு

ஒவ்வொரு சுவரொட்டிக்கும் ஆண்டு, அளவு, அச்சு முறை, அச்சகம், கேட்டுக்கொண்டவர், எந்த நிகழ்வுக்காக என்ற விவரங்கள் தேவை. கலைஞரின் பெயர் காஞ்சி, கானா என்னும் ஜப்பானிய எழுத்துமுறைகளிலும் ரோமன் எழுத்திலும் பதிவாக வேண்டும். இல்லையேல் வெளிநாட்டு ஆய்வாளரின் தேடல் வெறுங்கையோடு திரும்பும். இவை எல்லோரும் ஒப்புக்கொள்பவை.

விலங்குகளை எப்படி விவரிப்பது என்பதில்தான் சிக்கல். 'ஆந்தை', 'சிறுத்தை' என்று இனப்பெயர் இட்டு முடித்தால் கலைஞர் வேண்டுமென்றே கலைத்த எல்லைகளைப் பட்டியல் மீண்டும் கட்டிவிடும். அதனால் இனப்பெயரை ஒரு வழியாக மட்டும் வைத்து, பார்வையின் திசை, கோட்டின் தன்மை, பின்புல வண்ணம், தொடரில் அதன் இடம் ஆகியவற்றையும் தேடும் வழிகளாக்க வேண்டும். ஒரு பள்ளி மாணவர் 'நேராகப் பார்ப்பவை' என்று தேடும்போது பறவையும் மீனும் குரங்கும் ஒரே திரையில் கூட வேண்டும். அந்தக் கூட்டத்தில்தான் இத்தொடரின் கருத்து விளங்கும்.

திரையும் உரிமையும்

மின்படத்தில் மிக மெல்லிய கோடுகள் தெரிய உயர்ந்த தெளிவுத்திறனும், அருகே வண்ண அளவுகோலும் வேண்டும். பொன், வெள்ளி மைகளையும் சில்க் ஸ்கிரீன் மையின் கனத்தையும் திரை முழுதாகக் காட்டாது. பக்கவாட்டு ஒளியில் எடுத்த இரண்டாவது படமும், மூலத்தை நேரில் காண வருமாறு ஓர் அழைப்பும் பதிவில் இருப்பது நேர்மை.

ஜப்பானில் பதிப்புரிமைக் காலம் 2018 டிசம்பர் 30 முதல், படைப்பாளி மறைந்தபின் 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆண்டுகளாக நீண்டது. சுவரொட்டியில் வடிவமைப்பாளரோடு புகைப்படக்காரருக்கும் வாசகம் எழுதியவருக்கும் உரிமை இருக்கலாம். ஆகவே யார் யார் பங்களித்தார்கள் என்பதை அவர்கள் வாழும்போதே கேட்டுப் பதிவுசெய்வது காப்பகத்தின் அவசர வேலை. 2020இல் முறைப்படி தொடங்கிய 'ஜப்பான் சர்ச்' தளம் பல நிறுவனங்களின் பட்டியல்களை ஒரே இடத்தில் தேடும் வழியைத் திறந்திருக்கிறது. பல நகரங்களில் பிரிந்து கிடக்கும் ஒரு கலைஞரின் வாழ்நாள் உழைப்பை, பொருட்களை இடம் மாற்றாமலே ஒன்றுசேர்க்க இதைவிட நல்ல வாய்ப்பு முன்பு இருந்ததில்லை.

பணம் குறைவாக இருந்தால் முதலில் எதில் செலவிடுவது? ஈரம் புகாத மேல்மாடி அறையிலும், சுவரொட்டியைப் படிக்கத் தெரிந்த இரண்டு பட்டியலாளர்களிலும். திரைகளைப் பிற்பாடு வாங்கிக்கொள்ளலாம். எந்தச் சுவரொட்டி எந்தக் காரணத்துக்காக, யாருடைய கையால், எந்தச் சுவருக்காகப் பிறந்தது என்ற அறிவு ஒருமுறை தொலைந்தால், அதை எந்தத் திரையும் மீட்டுத் தராது.