சுவர்ப்படத்தில் அடங்காத தெய்வங்கள்

கிரேக்க தெய்வங்களை இளம் மாணவர்க்கு அறிமுகஞ் செய்யும் முறைகளுள் இன்று மேலைநாட்டுப் பள்ளிகளிற் பெரிதும் வழங்குவது சுவர்ப்படச் செயற்றிட்டமாகும். இங்கிலாந்தில் 2014 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டத்தில், 7 முதல் 11 வயது வரையுள்ள மாணவர் கற்கவேண்டிய வரலாற்றுப் பகுதிகளுள் பண்டைக் கிரேக்கமும் ஒன்று. இத்தகைய வகுப்புகளில் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒவ்வொரு தெய்வம் பங்கிடப்படும். அவன் தடித்த தாளொன்றில் அத்தெய்வத்தின் உருவை வரைந்து, பெயர், பெற்றோர், ஆட்சிப் பொருள், அடையாளச் சின்னம் ஆகியவற்றை எழுதிச் சுவரில் ஒட்டுவான். சியூஸ் என்றால் வானமும் மின்னற்படையும். பொசைடன் என்றால் கடலும் திரிசூலமும். அதீனா என்றால் அறிவும் ஆந்தையும். ஹிபேஸ்ரஸ் என்றால் உலைக்களமும் சம்மட்டியும். பன்னிரண்டு தாள்களும் வரிசையாக ஒட்டப்பட்டதும் ஒலிம்பஸ் மலையே வகுப்பறைக்குள் வந்துவிட்டது போன்ற தோற்றம் உண்டாகிறது. அத்தோற்றம் எத்துணை உண்மையானது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இம்முறையை முற்றாகக் குறைகூறுதல் நியாயமன்று. தெய்வங்களை வகுத்தும் தொகுத்தும் காட்டும் போக்குக் கிரேக்கரிடத்தேயே தோன்றியதாகும். கி. மு. 5 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் ஹெரொடொற்றஸ், தெய்வங்களின் பிறப்பு முறையையும் பட்டங்களையும் தொழில்களையும் வடிவங்களையும் கிரேக்கருக்கு வகுத்தளித்தோர் ஹோமரும் ஹெசியொட்டுமே என்று கருதினார். அன்றியும், சின்னங்களை அறிந்த மாணவன் அரும்பொருட்சாலையில் ஒரு சிற்பத்தைக் கண்டவுடன் இஃது இன்ன தெய்வம் என்று இனங்காண வல்லவனாகிறான். தொடக்கநிலையில் இஃது ஒரு பயனே. தொடக்கத்தையே முடிவாகக் கொள்ளும்பொழுதுதான் குறை நேர்கிறது.

முதலாவது குறை, ஒரு பெயருக்கு ஒரு தாள் என்னும் வரையறையாற் பிறப்பது. ஆர்த்தெமிஸ் என்றதும் மாணவன் வில்லேந்திய வேட்டைக் கன்னியை வரைகிறான். ஆனால் எபேசு நகரத்து ஆர்த்தெமிஸின் திருவுருவமோ, மார்பிலே குமிழ்கள் நிரை நிரையாகத் தொங்க, அசைவின்றி நிமிர்ந்து நிற்பது. அத்தேனைச் சூழ்ந்த அத்திக்கா நாட்டிலுள்ள பிரௌரோன் என்னும் ஊரிலோ, சிறுமியர் கரடிகள் எனப் பெயர் பெற்று அத்தெய்வத்துக்குச் சடங்கியற்றினர். பன்னிருவர் என்னும் தொகையும் எல்லாவிடத்தும் ஒரே பட்டியலைக் குறித்ததன்று. பார்த்தெனன் கோயிலின் கிழக்குப்புறச் சிற்பவரிசையில் அமர்ந்திருக்கும் பன்னிருவருள் டயனைசஸ் உளர். அடுப்புத் தெய்வமாகிய ஹெஸ்தியா இலர். வேறு பட்டியல்களில் ஹெஸ்தியா இடம்பெறுவதுண்டு. ஊர்தோறும் வழிபாட்டில் வாழ்ந்த தெய்வங்களை ஒரே அச்சில் வார்த்தெடுக்கும்பொழுது அவ்வூர்களும் அம்மக்களும் மறைந்துவிடுகின்றனர்.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. தெய்வத்தின் ஆற்றலைக் கூறும் சுவர்ப்படம் அவ்வாற்றலின் எல்லையைக் கூறுவதில்லை. ஹோமரின் காப்பியத்தில் தெய்வங்கள் உயிர்பெறுவது அவ்வெல்லையிலேயே ஆகும்.

ஹிபேஸ்ரஸை எடுத்துக்கொள்க. இலியட் காப்பியத்தின் முதற் காண்டத்தில் சியூஸுக்கும் அவர் மனைவி ஹீராவுக்கும் பூசல் மூளுகிறது. மகனாகிய ஹிபேஸ்ரஸ் தாயைப் பொறுமை காக்குமாறு வேண்டுகிறார். முன்னொரு நாள் தாய்க்குத் துணைநிற்க முயன்றபோது தந்தை தம்மைக் காலிற் பிடித்து வீசியதையும், பகல் முழுவதும் விழுந்து கதிரவன் மறையும் வேளையில் லெம்னொஸ் தீவில் அரையுயிராய்க் கிடந்ததையும் நினைவூட்டுகிறார். பின்னர்க் காலூனமுற்ற அவரே மண்டபமெங்கும் விரைந்து திரிந்து யாவருக்கும் மதுவார்க்கிறார். அக்காட்சியைக் கண்ட தேவர்கள் அடங்காது சிரிக்கின்றனர். பூசல் தணிகிறது. குடும்பத்தின் அமைதிக்கு விலையாக ஒரு மகன் தன்னை நகைப்புக்கு ஆளாக்கிக்கொள்ளும் துயரம் இச்சிரிப்பினுள் மறைந்து கிடக்கின்றது. உலைக்களம், சம்மட்டி என்னும் இரு சொற்களுள் இஃது அடங்குமா?

சியூஸின் நிலையும் அத்தகையதே. பதினாறாம் காண்டத்தில் அவருடைய மானிட மகன் சார்ப்பிடன், பத்திரோக்கிளஸின் கையால் மாளவிருக்கிறான். அவனைக் காப்பதா, விதிப்படி விடுவதா என்று தேவர்க்கரசர் தடுமாறுகிறார். நீர் உம் மகனைக் காத்தால் ஏனைத் தேவரும் தத்தம் மக்களைக் காக்க விழைவர் என்று ஹீரா இடித்துரைக்கிறார். சியூஸ் இணங்குகிறார், நிலத்தின்மேற் குருதித் துளிகளை மழையாகச் சொரிகிறார். மின்னற்படை அவர் கையில் இருந்தும் மகனைக் காக்கப் பயன்படவில்லை. அளவிறந்த ஆற்றலுடையோனும் தன் அன்புக்காக உலக ஒழுங்கைக் குலைக்கலாகாது என்னும் உண்மையை ஹோமர் ஒரு தந்தையின் துயரத்தால் உணர்த்துகிறார்.

இவ்விரு காட்சிகளும் சிறுவர் கல்வியில் இடம்பெறலாமா என்னும் வினா மிகப் பழையது. கி. மு. 4 ஆம் நூற்றாண்டில் பிளேற்றோ தமது குடியரசு என்னும் நூலில், தந்தையால் ஹிபேஸ்ரஸ் வீசியெறியப்பட்ட கதை சிறுவர் செவிக்கு ஆகாதென விலக்கினார். தேவர்களின் அடங்காச் சிரிப்பையும் விலக்கினார். சார்ப்பிடனுக்காகச் சியூஸ் புலம்புவதையும் ஏற்க மறுத்தார். உட்பொருள் வேறு உண்டென்று சமாதானங் கூறினும், உட்பொருளையும் வெளிப்பொருளையும் பிரித்தறியும் ஆற்றல் இளையோர்க்கு இல்லை என்பது அவர் கருத்து.

ஈண்டு ஒரு வியப்பு நோக்கற்பாலது. பிளேற்றோ விலக்க விரும்பியவற்றையெல்லாம் இன்றைய சுவர்ப்படமும் விலக்கியிருக்கிறது. ஆயின் பிளேற்றோ ஹோமரை நன்கு கற்று, அவரை நேசித்து, காரணங்காட்டி விலக்கினார். சுவர்ப்படமோ தாளில் இடமில்லாமையால் விலக்குகிறது. பிளேற்றோவோடு வாதிடலாம், வெற்றிடத்தோடு வாதிட இயலாது. தெய்வம் அழலாமா, ஊனமுற்றோனைக் கண்டு தேவர் சிரிப்பது தகுமா என்னும் வினாக்கள் எழுவதற்கு முன்னரே மாணவனிடமிருந்து அவை பறிக்கப்படுகின்றன. பழைய கோயில்களின் வழிபாடு நின்று பல நூற்றாண்டுகள் கழிந்தன. ஒரு சமயம் வாழும்பொழுது அதன் தெய்வங்களை எவரேனும் சுருக்கிக் கூறினால் அடியவர் எழுந்து மறுப்பர். மறுப்போர் இல்லாத தெய்வங்களைக் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பொறுப்பு மிகுதியாகிறது.

அவ்வாறாயின் படமே வேண்டாவோ எனின், அன்று. கிரேக்கரே சிறந்த வழியைக் காட்டிச் சென்றுள்ளனர். கி. மு. 515 ஆம் ஆண்டளவில் அத்தேன் நகரத்துக் கலைஞர் யூப்ரோனியஸ் மதுக்கலம் ஒன்றில் சார்ப்பிடனின் மரணத்தை வரைந்தார். துயில், மரணம் என்னும் இரு தேவர்கள் குருதி வடியும் அவ்வீரனின் உடலைத் தூக்குகின்றனர்; நடுவே ஹெர்மிஸ் நிற்கிறார். நியூயோர்க் அரும்பொருட்சாலையில் 1972 முதல் இருந்த அக்கலம் 2008 இல் இத்தாலிக்கு மீட்கப்பட்டது. அதிலும் உருவங்களின் அருகே பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. ஹெர்மிஸின் கையிற் கோலும் உண்டு. ஆயினும் பெயரும் சின்னமும் அங்கே ஒரு நிகழ்ச்சிக்கு ஏவல் செய்கின்றன. நிகழ்ச்சியின் இடத்தைக் கவர்ந்துகொள்ளவில்லை. சியூஸ் அப்படத்தில் இல்லை. எனினும் கதையறிந்தோர் அவ்வுடலைக் காணுந்தோறும் அத்தந்தையை நினையாதிருத்தல் அரிது.

ஆதலின், மாணவனிடம் உன் தெய்வத்தின் சின்னம் யாது என்று மட்டும் வினவாது, உன் தெய்வத்தால் இயலாமற்போனது யாது, அப்பொழுது அது யாது செய்தது என்று வினவி, அவ்வொரு காட்சியை வரையச் செய்தல் நன்று. அதற்கு அவன் காப்பியத்தின் ஒரு பகுதியையேனும் படித்தாக வேண்டும். அவ்வாறு படித்தவன் வரையும் சியூஸ் மின்னற்படையைக் கீழே வைத்திருக்கவுங் கூடும். அப்படம் அழகிற் குறைந்திருப்பினும் கல்வியிற் குறைந்திராது.