வரியீற்றில் பிரியா இடைவெளி

பினாங்கு மாநிலத்தின் தலைநகரைத் தமிழில் 'ஜார்ஜ் டவுன்' என இரு சொல்லாக எழுதுவது பெருவழக்கு. செய்தித்தாளின் குறுகிய பத்தியில் 'ஜார்ஜ்' ஒரு வரியின் ஈற்றிலும் 'டவுன்' அடுத்த வரியின் முதலிலும் விழுமாயின், படிப்பவர் அதனை முதலில் ஓர் ஆளின் பெயரென்றே கொள்வர். தைப்பூசத்தால் பெயர்பெற்ற தண்ணீர்மலையையும் பிரித்தெழுதுவோர்க்கு இதே இடர் உண்டு. மேலே தண்ணீர், கீழே மலை. 'உ. வே.' மேல் வரியில் தொங்க, 'சாமிநாதையர்' கீழே நிற்பதோ காணப் பொறாதது.

ஏட்டுச்சுவடியில் இவ்வினா எழவில்லை. ஆங்குச் சொற்களுக்கிடையே வெளி விடும் வழக்கமில்லை. சொல்லைப் பிரித்துக் காட்டும் வெளி அச்சோடு நிலைபெற்றது. ஈய எழுத்துக் காலத்தில் எதை எதனோடு சேர்த்து நிறுத்துவது என்பதை அச்சுக்கோப்பவரின் கண் அறிந்திருந்தது. கணினிக்கு அக்கண் இல்லை. வெளி கண்ட இடமெல்லாம் அதற்கு வரி முறிக்கும் இடமே.

அக்குறையை நீக்க வந்தது பிரியா இடைவெளி. ஒருங்குறியில் சாதாரண வெளிக்கு எண் 32. இதற்கு எண் 160. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு நூத் தம் 'டெக்' மென்பொருளில் இதற்கு நெளிகோட்டைக் குறியாக வைத்து, அதனை எவ்வெவ்விடங்களில் இடுவது என்பதை 1984-இல் வெளிவந்த நூலில் விரித்துரைத்தார். ஆங்குக் குறி கண்ணுக்குத் தெரியும். இட்டவர் இட்டதை அறிவார். பின்வந்த சொற்செயலிகள் சிலவோ, மறைகுறிகளைக் காட்டும்படி பணித்தாலன்றி, இரு வெளிகளையும் ஒரே வெறுமையாகக் காட்டுகின்றன. அவற்றின் பெருங்குறை இதுவே.

'தமிழ்ப் பள்ளி' போன்ற தொடர்களையும் பிணைத்துவிடலாமே எனத் தோன்றலாம். அது பொருந்தாது. தமிழ்ச் சொற்கள் இயல்பிலேயே நீண்டவை. இரண்டைப் பிணைத்தால் மேல் வரி ஓட்டைப் பல்லாகும். பெயரின் முன்னெழுத்து, எண்ணும் அதன் அளவும், பிரித்தால் பொருள் மயங்கும் ஊர்ப்பெயர் ஆகியவற்றோடு நிறுத்துதல் தகும். பத்தியின் தொடக்கத்தை உள்ளே தள்ளுதற்கு இதனை ஐந்தாறு முறை அடுக்குவது வீண் வேலை.

இடர் முற்றுவது தேடும்பொழுதுதான். சில மென்பொருள்கள் 32-ஐயும் 160-ஐயும் வேறு வேறு எழுத்தாகவே கொள்கின்றன. அவற்றில் சாதாரண வெளியிட்டு 'ஜார்ஜ் டவுன்' எனத் தேடுவார்க்குப் பிரியா இடைவெளி இட்ட பக்கங்கள் அகப்படா. ஊர் வரலாற்றை ஆராய்வோர் அப்பெயர் அத்தொகுப்பில் இல்லையென்றே முடிவுகட்டுவர். இதற்கஞ்சிப் பழைய இதழ்த் தொகுப்புகளில் பிரியா இடைவெளியைக் களைந்துவிடுதல் மருந்தாகாது. அச்சில் பெயர் மீண்டும் முறியும். தேடும் கருவியே இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும்படி அமைதல் வேண்டும். அஃது அரிய வேலையும் அன்று.