கிறீனின் மாணவர்கள் படித்த தமிழ்

மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனைப் பற்றி நாம் எழுதுவன பெரும்பாலும் நன்றியுரைகள். மசாச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். 60க்கு மேற்பட்ட உள்ளூர் இளைஞர்களை மருத்துவர்களாக்கினார். 4,000க்கு மேற்பட்ட பக்கங்களைத் தமிழில் கொண்டுவந்தார். இவற்றை ஆண்டுக்கொருமுறை சொல்லிப் பெருமைப்படுகிறோம். நூல்களை மட்டும் திறப்பதில்லை. அவற்றை நினைவுச்சின்னமாக அல்லாமல், மாணவர்களின் பாடநூலாகப் பார்த்தால் என்ன தெரிகிறது?

முதலில் தலைப்புகளையே பார்க்கலாம். 1857இல் வந்தது ‘பிரசவ வைத்தியம்’. 1867இல் ‘இரண வைத்தியம்’. பிள்ளைப்பேறும் புண்ணும் ஊரார் அறிந்தவை. அவற்றுக்கு வீட்டிலிருந்த சொல்லே போதுமென்று கிறீன் விட்டுவிட்டார். ஆனால் உடற்கூற்றியலுக்கு ‘அங்காதிபாதம்’ என்கிறார். கேசாதிபாதம், பாதாதிகேசம் பாடிய மரபில் வந்த காதுக்கு இந்தச் சொல் அந்நியமாக ஒலிக்காது. தெய்வத்தையும் தலைவியையும் உறுப்புறுப்பாக வருணித்த மொழி, இங்கே சடலத்தை உறுப்புறுப்பாக விளக்கப் புறப்படுகிறது. ‘கெமிஸ்தம்’ (1875) வேறு வகை: ஆங்கிலச் சொல்லை எடுத்துத் தமிழ் ஈறு கொடுத்து உட்காரவைத்த துணிச்சல். இன்றைய கலைச்சொல் குழு எதுவும் அதை அனுமதிக்காது.

இதன் பின்னால் ஓர் ஒழுங்கு இருந்தது. தமிழில் சொல் இருந்தால் அது, இல்லையேல் வடமொழி, அதுவும் உதவாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கி எடுப்பது. நல்ல விதிதான். ஆனால் இரண்டாம் படியில் அவர் நின்ற நேரம் அதிகம் என்பதே என் விமர்சனம். ‘சுகரணவாதம்’ என்றால் உடற்றொழிலியல், ‘உற்பாலனம்’ என்றால் சுகாதாரம் என்று மாணவனுக்கு ஆசிரியர் விளங்கப்படுத்தத்தான் வேண்டியிருந்திருக்கும். ஆங்கிலச் சுவரை இடித்த கையே பக்கத்தில் இன்னொரு சுவரை எழுப்பியது.

ஆயினும் இந்தச் சொற்கள் தனியொருவரின் மேசையில் பிறந்தவையல்ல. சப்மன், டன்வதர் முதலான அவரது மாணவர்களே மொழிபெயர்ப்பில் உடனுழைத்தார்கள். பெயர்களைக் கவனியுங்கள். மிஷன் பள்ளிகளில் அமெரிக்கக் கொடையாளர் பெயர்களைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடுவது வழக்கம். பெயர் நியூ இங்கிலாந்துக்குரியது, பாடநூல் தமிழ். இந்த முரணை நாம் புன்சிரிப்போடு கடந்துவிடக் கூடாது. கிறீன் தம் மாணவர்கள் ஐரோப்பியராக மாறுவதை விரும்பவில்லை. தமிழராகவே வாழும் கிறிஸ்தவராக இருக்க விரும்பினார். எதை வைத்திருக்கலாம், எதை விடவேண்டும் என்பதை மாணவர்களுக்காக அவரே தீர்மானித்தார் என்பதும் உண்மை.

அந்த மாணவர்கள் என்ன விரும்பினார்கள்? ஆரம்பத்தில் ஆங்கிலத்தில் நடந்த கற்பித்தலை 1860களில் அவர் தமிழுக்கு மாற்றினார். படித்தவர்கள் ஊர்களில் தங்கி வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆனால் அரசாங்க உத்தியோகம் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தது. 1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி திறந்தது, ஆங்கிலத்தில். 1873இல் கிறீன் நாடு திரும்பினார். வூஸ்டரில் இருந்தபடியே கைப்பிரதிகளைத் திருத்தினார். ‘மனுஷ சுகரணம்’ 1883இலும், ‘இந்து பதார்த்த சாரம்’ அவர் இறந்த 1884இலும் வெளிவந்தன. நூல்கள் வந்துகொண்டிருக்கையிலேயே அவற்றை வாசிக்க வேண்டிய வகுப்பறை தேய்ந்துகொண்டிருந்தது. தமிழுக்கு வலுவில்லாததால் இந்த முயற்சி நின்றதென்று சொல்வது தவறு. தமிழில் படித்தவனுக்குச் சம்பளம் கொடுக்க ஆளில்லாததால் நின்றது.

இது மோர்டனில் இருக்கும் நமக்கு ஏன் வேண்டும்? இங்கே தமிழ் மருத்துவர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் குறைவில்லை. ஆனால் ஜி.பி.யிடம் அம்மம்மாவின் நோவைச் சொல்வது பெரும்பாலும் பேரப்பிள்ளைதான். ‘குத்துது’, ‘உளையுது’, ‘விறைக்குது’, ‘எரியுது’ என்ற நான்கும் அந்தப் பிள்ளையின் வாயில் ஒரே ஆங்கிலச் சொல்லாகச் சுருங்கிவிடும். நோயறிதலுக்கு அந்த வேறுபாடுதான் தேவை. கிறீன் கண்ட நோயாளியும் இப்படித்தான் பேசினாள்; அவர் மாணவர்களுக்கு அவள் பேச்சும் பாடநூலும் ஒரே மொழியில் இருந்தன.

நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் உறுப்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்விக்கின்றன. அது கிறீனின் இரண்டாம் படி. முதற்படி வீட்டிலேயே இருக்கிறது: நோவைச் சொல்லும் வினைச்சொற்கள். அவற்றைப் பிள்ளைகள் தாத்தா, பாட்டிமாரிடம் கேட்டு எழுதிவரட்டும். இந்தச் சொற்களுக்குப் பயன்படும் இடம் இருக்கிறது; கிறீனின் நூல்களுக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.