சொந்தச் சொல்லும் ஆங்கிலப் போதனையும்

பிறமொழியில் எழுதப் பழகும் பிள்ளை யாருக்காக எழுதுகின்றது என்னும் வினாவை ஆங்கிலம் போதிப்போர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. தலைப்பும் குறிப்பும் கொடுக்கப்படுகின்றன, கட்டுரை எழுதப்படுகின்றது, ஆசிரியர் சிவப்பு மையாற் பிழை திருத்துகின்றார். அவரையன்றி அதனை வாசிப்பார் ஒருவருமிலர். அவர்தாமும் வாசிக்கின்றாரோ, பிழை மட்டும் தேடுகின்றாரோ என்பது ஐயத்துக்குரியது. இவ்வழக்கத்தினின்றும் முற்றாக விலகிய ஒரு முயற்சியை எடுத்துரைப்பது, நியூசிலாந்து ஆசிரியையாகிய சில்வியா ஆஷ்ரன் வோணர் 1963இல் வெளியிட்ட ‘ரீச்சர்’ என்னும் நூல்.

மாவோரிப் பிள்ளைகளின் பாடசாலைகளில் ஆங்கிலமே போதனாமொழியாதல் வேண்டுமென அந்நாட்டில் 1867ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அச்சட்டத்தின் வழிவந்த பாடசாலைகளிற் சிறுவர் வகுப்புகளை நடத்திய இவ்வாசிரியை, ஜனெற், ஜோன் என்னும் இரு வெள்ளைக்காரப் பிள்ளைகளின் அமைதியான வாழ்வைக் கூறும் வாசிப்புப் புத்தகங்கள் மாவோரிச் சிறுவரின் நெஞ்சைத் தொடவில்லை என்று கண்டார். ஆதலின், ஒவ்வொரு பிள்ளையிடமும் அதற்கு வேண்டிய சொல் எதுவெனக் கேட்டு, அதனை ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள அட்டையில் எழுதிக் கொடுத்தார். மறுநாட் காலையில் அட்டைகளெல்லாம் பாயிற் கொட்டப்படும். பிள்ளைகள் தத்தம் சொற்களைத் தேடியெடுத்து, இருவர் இருவராக அமர்ந்து ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவர். மறந்துபோன சொல்லின் அட்டை அழிக்கப்படும். பிள்ளையின் உள்ளத்திலிருந்து வந்த சொல்லாயின் அது மறந்திராது என்பது அவர் துணிபு. ‘வா’, ‘பார்’ போன்ற எளிய சொற்களைக் கற்க நான்கு மாதம் தடுமாறிய ஒரு மாவோரிச் சிறுவன், ‘கத்தி’, ‘சிறை’, ‘பொலிஸ்’ முதலியவற்றை நான்கு நிமிடத்திற் கற்றான் என்கின்றார். எளிமை என்பது எழுத்தின் எண்ணிக்கையில் இல்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

சொல்லிலிருந்து வசனமும், வசனத்திலிருந்து கதையும் வளர்ந்தன. ஒரு பிள்ளை எழுதியது ஏனைய பிள்ளைகளுக்கு வாசிப்புப் பாடமாயிற்று. அடியும் குடியும் பேயும் அவ்வெழுத்தில் இடம்பெற்றன. ஆசிரியை அவற்றை நன்றென்றோ தீதென்றோ கூறவில்லை. எதையேனும் கற்பித்துவிட்டுப் பின் அதனைப் பற்றி எழுதச் செய்யவுமில்லை. எழுதியவற்றுக்கு உண்மையான வாசகர் கிடைத்தமையே இம்முறையின் உயிர்நாடி எனலாம்.

எனினும் இம்முறைக்கு எல்லையுண்டு. ‘ஆயினும்’, ‘ஆகையால்’ என்னும் சொற்களை ஆசையோடு கேட்டு வாங்கும் பிள்ளை எங்குமில்லை. வசனங்களைப் பிணைக்கும் அச்சொற்களின்றி மேல்வகுப்பு மாணவன் ஒரு வாதத்தைத் தானும் எழுதவியலாது. சிறுவர் வகுப்பின் வெற்றியை அப்படியே உயர்வகுப்புக்கு ஏற்ற முனைவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இதனினும் பெரிய குறையொன்றுளது. பிள்ளையின் அச்சமும் அன்பும் அதன் சொந்தம். ஆனால் அட்டையில் ஏறும் சொல்லோ ஆங்கிலம். மாவோரிப் பண்பாட்டிலிருந்து ஆங்கிலப் பண்பாட்டுக்குப் பாலம் அமைப்பதாகவே நூலாசிரியர் கருதினார். அப்பாலத்தில் மீண்டுவரும் வழியைப் பற்றி அவர் போதிய அளவு சிந்தித்தாரல்லர். அவரது பரிவு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் பரிவு தாய்மொழிக்கு ஈடாகாது. மாவோரி மொழியிலேயே குழந்தைகளை வளர்க்கும் ‘கோஹங்கா ரெயோ’ என்னும் மொழிக்கூடுகளுள் முதலாவது 1982இலேயே திறக்கப்பட்டது; 1987இல் அம்மொழி அரசகரும மொழியாயிற்று. நான்கு நிமிடத்திற் கற்ற அச்சிறுவனின் சொற்களுள் ‘ஹக்கா’ என்னும் மாவோரி ஆட்டத்தின் பெயரும் இருந்தது.