நாலு கரைத் துணி

மருதமுனைச் சாறன் ஒன்றைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது அதன் மூட்டை. சாறன் என்பது ஏறத்தாழ இரண்டு யார் துணியின் இரு நுனியையும் சேர்த்துத் தைத்த வளையம்தான். நெடுக்கே ஓடும் பாவு வரிகளைத் தையற்காரர் நேர்ப்படுத்திவிடுவார். குறுக்கே விழுந்த ஊடைக் கட்டம் தையலில் முழுதாக முடிகிறதா, பாதியில் அறுந்து நிற்கிறதா என்பது மட்டும் நெய்தவரின் கணக்கு. அவர் எண்ணி நெய்திருந்தால் உடுத்தியவரைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தாலும் மூட்டு எங்கே என்று தெரியாது.

அடுத்தது கரை. தறியில் துணி சுருங்கிவிடாமல் இரு பக்கமும் விரித்துப் பிடிக்க ஒரு கோல் வைப்பார்கள். அதன் முனையிலுள்ள ஊசிகள் கரையோரம் சின்னச் சின்னத் துளைகளை விட்டுச் செல்லும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும்; இரண்டு மூன்று சலவையில் மறைந்துபோகும். பிறகு கட்டம். கட்டத்தின் அகலத்தைப் பாவு ஓடும்போதே தீர்மானித்துவிடுகிறார்கள். உயரத்தைத் தீர்மானிப்பது நெய்பவரின் கை. அச்சுப் பலகையை ஓங்கி அடித்தால் கட்டம் குட்டையாகும், தளர்த்தி அடித்தால் நீளும். காலையில் அடித்த கையும் அஸருக்குப் பிறகு அடித்த கையும் ஒரே கனத்தில் விழுந்திருந்தால்தான் சதுரம் சதுரமாகவே இருக்கும். நல்ல சாறனிலும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அது எனக்குப் பிடிக்கும். விசைத்தறித் துணியின் பிசகாத சதுரத்தைப் பார்த்தால் கண் சீக்கிரம் அலுத்துவிடுகிறது.

கல்முனைச் சந்தியிலிருந்து மட்டக்களப்புப் பக்கமாகப் போய்ப் பாண்டிருப்பைத் தாண்டினால் மருதமுனை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் நெருக்கமான வீடுகள். அவற்றில் சிலவற்றின் பின்கட்டிலிருந்து இன்னும் தறிச் சத்தம் கேட்கிறது. 1970 முதல் 1977 வரை, சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்த காலத்தில், நாட்டுக்குத் துணி வேண்டியிருந்தது. கைத்தறி ஊர்கள் எல்லாம் தலை நிமிர்ந்தன. 1977இல் சந்தை திறந்தது. வெளிநாட்டுத் துணி கப்பலில் வந்து இறங்க, தறிகள் ஒவ்வொன்றாகப் பரணுக்கு ஏறின. மிஞ்சியவற்றில் கடலோரத்தில் இருந்தவற்றை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது.

இவை எல்லோரும் சொல்லும் காரணங்கள். அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு. உடுப்பு மாறியது. எங்கள் உம்மாமாருடைய காலத்தில் பெண்கள் சாரி உடுத்து முந்தானையால் முக்காடு போட்டார்கள். எண்பதுகளுக்குப் பிறகு, வளைகுடாவுக்குப் போய் வந்தவர்களின் பெட்டிகளோடும் மார்க்க விழிப்போடும் ஹபாயா வந்தது. ஆண்களும் கந்தோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் களிசானுக்கு மாறினார்கள். சாறன் வீட்டுக்கும் ஜும்ஆவுக்கும் என்று ஒதுங்கியது. தறிக்குப் பக்கத்து வீட்டிலேயே இருந்த வாடிக்கை கலைந்துவிட்டது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மக்கள் தாங்கள் விரும்பியதை உடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஹபாயா ஒரு வேடிக்கையான வேலையைச் செய்தது. அது கறுப்பு, வெட்டு எளிமை, தோளிலிருந்து நேரே இறங்குகிறது. ஐரோப்பிய வடிவமைப்பாளர்கள் பெரிய விலைக்கு விற்கும் அந்த அலங்காரமில்லாத அழகு கல்முனை பஸாரில் கடைக்குக் கடை தொங்குகிறது. எல்லோரும் ஒரே கறுப்பில் வரும்போது ஒருத்தியின் ரசனை எங்கே தெரியும்? ஷோலில், அதைக் குத்தும் பின்னில், கைப்பையில், செருப்பில். ஆகவே ஹபாயாக் கடையின் முன்வரிசையைச் சிறு சாமான்கள் பிடித்துக்கொண்டன. பெருநாளுக்கு முந்திய வாரத்தில் போய்ப் பாருங்கள்: ஹபாயா பின்சுவரில் தொங்கும், கூட்டம் முழுக்க ஷோல் அடுக்கிய மேசையைச் சுற்றித்தான் நிற்கும்.

உலகத்தின் பெரிய கடைகளும் இதே வழியில்தான் நடந்தன. ஜெர்மனியின் ஜில் சாண்டர் அறுபதுகளின் கடைசியில் ஹம்பர்க்கில் தொழில் தொடங்கியவர். பொத்தான்கூடக் கண்ணில் படாத கோட்டு, நல்ல துணி, சுத்தமான வெட்டு, இவைதான் அவர் பெயர். 1999இல் அவருடைய நிறுவனத்தின் 75 வீதப் பங்கை மிலானின் பிராடா வாங்கியது. 2000 ஜனவரியில் அவர் வெளியேறினார். பிராடாவோ 1913இல் தோற்சாமான் கடையாகத் தொடங்கியது. எண்பதுகளில் நைலோன் முதுகுப்பையால் பெயர் பெற்றது. துணியை உயிராக நினைத்தவரும் பையில் வளர்ந்த கடையும் முதல் தடவை சேர்ந்து வாழ்ந்தது ஒரு வருடம்கூட இல்லை. வியாபாரி பக்கத்து நியாயமும் எளிதுதான். கோட்டு என்றால் ஐந்து அளவில் தைத்து அடுக்க வேண்டும், போட்டுப் பார்க்க அறை வேண்டும், விற்காத அளவு அலுமாரியில் தூங்கும். பைக்கு எல்லா உடம்பும் ஒன்றுதான். கோட்டு வாங்கக் காசில்லாதவரும் அந்தக் கடையின் பெயரை ஒரு பணப்பையிலாவது கொண்டுபோவார்.

இந்த நியாயம் மருதமுனைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கைத்தறிக்கு உதவி செய்ய வருகிறவர்கள் சொல்லும் முதல் ஆலோசனையே, சாரியையும் சாறனையும் நம்பி இருக்காதீர்கள், பை செய்யுங்கள், பணப்பை செய்யுங்கள் என்பதுதான். அறுகம்பையில் அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரர் சாரி வாங்கமாட்டார், பை வாங்குவார். கணக்கு சரி. ஆனால் அந்தப் பைகளைக் கையில் எடுக்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். கட்டத்துணி என்பது ஒரு முழுக் கணக்கு. கரையில் தொடங்கி, நடுவில் பரந்து, மறுகரையில் அடங்கும். அதை ஒரு சாண் துண்டாக வெட்டி, உள்ளே ஸ்பொன்ச் வைத்து, வெளியூர் சிப் வைத்துத் தைத்தால் கணக்கு நடுவில் முறிந்துவிடுகிறது. கரை போய்விட்டது. துணியின் விழுச்சியும் போய்விட்டது, ஸ்பொன்ச் மேல் ஒட்டிய துணி எங்கே விழும்? நெய்தவரின் கை தெரிந்த இடங்கள் எல்லாம் கத்தரிக்கோலுக்கும் மெஷினுக்கும் போக, மிஞ்சுவது ஒரு நிற அட்டை. அதே பையை அச்சடித்த துணியில் செய்து பக்கத்தில் வைத்தால் வாங்குகிறவர் பத்தில் எட்டுப் பேருக்கு வித்தியாசம் தெரியாது. தெரியாத வேலைக்கு யார் கூடுதல் காசு கொடுப்பார்கள்?

கொழும்பில் பெயர்ஃபுட் இதில் வென்றது உண்மை. 1964இல் பார்பரா சன்சோனி தொடங்கிய கடை அது. நல்லாயன் கன்னியர் மடத்து நெசவு நிலையங்களுக்கு நிறமும் வடிவமும் கொடுக்கப் போனவர், 2022இல் காலமாகும்வரை அந்த நிறங்களின் மேலேயே இருந்தார். காலி வீதிக் கடையில் சாரியும் சாறனும் இருக்கின்றன. ஆனால் பொம்மை, பை, மெத்தை உறை, குறிப்பேட்டு அட்டை என்று நெசவு சிதறிக் கிடக்கும் மேசைகளில்தான் கை அதிகம் போகிறது. அங்கே வெட்டுத்துண்டு அழகாக இருப்பதற்குக் காரணம், என் கண்ணில், அவர் அதிகம் கையாண்ட வடிவம் பட்டை. பட்டையை எந்த இடத்தில் வெட்டினாலும் இரண்டு மூன்று நிறம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அந்தத் தெரிவு கெட்டிக்காரத்தனமானது என்றால் துண்டும் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். கட்டத்துக்கு அந்தச் சலுகை இல்லை. கொழும்பைப் பார்த்து மருதமுனை பை தைத்தால் வருகிற கோளாறு இதுதான்.

அப்படியானால் கட்டம் நெய்கிற ஊருக்குச் சிறு சாமான் விதிக்கப்படவில்லையா? விதிக்கப்பட்டது மட்டுமல்ல, அதில் நம் கரைகளுக்குப் பழைய பெயரே இருந்தது. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613இல் கோட்டை கட்டியதே சோழமண்டலக் கரைத் துணி வியாபாரத்துக்காக. பிறகு மதராஸ் கைக்குட்டை என்று பெயர் பெற்ற கட்டத்துணி மேற்கு ஆபிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் போனது. ஒரு யார் அகலம். ஒவ்வொரு யாரிலும் ஒரு சதுரம். மார்ட்டினிக் பெண்கள் அதைத் தலையில் முடிச்சிட்டுக் கட்டினார்கள். இன்றும் அந்தத் தீவுகளின் விழா உடையில் அது இருக்கிறது. பாரிஸ் ஹெர்மெஸ் 1837இல் குதிரைச் சேணம் செய்யத் தொடங்கிய வீடு. நூறு வருடம் கழித்து, 1937இல், தொண்ணூறு சென்ரிமீற்றர் பட்டுச் சதுரம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் ஓரத்தை இன்றும் கையால் சுருட்டித் தைக்கிறார்கள். சிறியதை விற்கத் தெரிந்தவர்கள் எங்கே காசைச் செலவழிக்கிறார்கள் என்று பார்த்தால் ஓரத்தில்தான்.

எங்கள் பக்கத்துப் பனையோலைப் பெட்டியும் அப்படித்தான் பிறக்கிறது. பாயைப் பின்னி வெட்டிப் பெட்டி தைப்பதில்லை. அடியைப் பின்னி, மூலையில் ஓலையை மடக்கி, சுவரை ஏற்றி, வாயில் முடிப்பார்கள். சிறியது சிறியதாகவே பிறந்தால் அழகுக்குக் குறைவில்லை.

மருதமுனைத் தறியில் அப்படிப் பிறக்கக்கூடியது ஷோல். அதை நெய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். தறியில் கறுப்புப் பாவு, அதன் இரு ஓரமும் பக்கக் கரை. முதலில் ஒரு சாண் பாவை நெய்யாமல் வெறுமனே விடுவார்கள். பிறகு குறுக்குக் கரை: சாம்பல் நூல் சுற்றிய தாரை நாடாவில் மாட்டி, எண்ணிக்கையாக ஓட்டி, பக்கக் கரை எவ்வளவு அகலமோ அவ்வளவு உயரத்துக்கு ஏற்ற வேண்டும். இங்கே அடி பிசகினால் மூலை காட்டிக்கொடுத்துவிடும். சாறனில் ஒரு கட்டம் குட்டையானால் பத்துக் கட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஷோலின் மூலைச் சதுரம் ஒளிய இடமில்லாமல் நிற்கும். பிறகு நாடாவை மாற்றி உடல். கறுப்புப் பாவில் கத்தரிப்பூ நிற ஊடை ஓடினால் துணி நேரே பார்க்கக் கறுப்பு, திரும்பும்போது ஊதா. பச்சை ஓடினால் மயில் கழுத்து. ஒரே பாவு, ஊடையை மாற்ற மாற்ற ஒவ்வொரு ஷோலும் வேறு. மறுகரை முடிந்ததும் இன்னொரு சாண் வெறும் பாவு. அந்த இடைவெளியின் நடுவில் வெட்டினால் இரண்டு ஷோலுக்கும் தும்பு கிடைக்கும்; நூல்களைச் சேர்த்து முறுக்கி முடிச்சிட்டால் வேலை முடிந்தது. தையல் மெஷினே தேவையில்லை.

கறுப்பு ஹபாயாவுக்கு மேலே இந்தத் துணி இருக்கும் இருப்பு தனி. பளபளக்கும் இறக்குமதி ஷோல் தலையில் நிற்காமல் வழுக்கும், அதனால் நாலு பின் வேண்டும். பருத்திக்குப் பிடிமானம் உண்டு. ஒரு பின் போதும். கோடையிலும் மூச்சு விடும். கடையில் ராத்தாமார் கேட்பதைக் கவனித்திருக்கிறேன்: “காக்கா, இது மருதமுனையா, இந்தியனா?” மருதமுனை என்றதும் கை ஒரு தடவை துணியைக் கசக்கிப் பார்க்கும். விலையைக் கேட்டதும் பாதிப் பேர் இந்தியனுக்குப் போய்விடுவார்கள்.

விலை ஏறுவதற்கு நியாயம் இருக்கிறது. தேவைக்குப் போதுமான பருத்தி இங்கே விளைவதில்லை, நூல் கடல் தாண்டித்தான் வர வேண்டும். 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஓடியபோது நூலும் சாயமும் அதோடு ஓடின. நூலின் நம்பர் கூடக் கூட அது மெலியும். மெல்லிய நூலில் ஒரு அங்குலத்துக்கு அதிகத் தடவை நாடா ஓட வேண்டும். இதற்கு மேல் கூலி விஷயம் ஒன்று. யார் கணக்கில் கூலி கொடுத்தால் யாருக்கும் ஷோல் நெய்ய மனம் வராது, வெறும் பாவு விடும் இடத்துக்கும் நாடா மாற்றும் நேரத்துக்கும் காசு இல்லையே. உருப்படிக் கணக்கில், அதுவும் மூலை பார்த்துக் கூலி கொடுக்கிற முதலாளிக்குத்தான் நல்ல ஷோல் கிடைக்கும். கடையை மாற்ற நினைக்கிறவர்கள் முதலில் மாற்ற வேண்டியது கூலிக் கொப்பி என்பேன்.

பெருநாளுக்கு வாங்க நினைப்பவர்கள் கடைசி வாரத்தில் போகாதீர்கள். பாவு ஏற்றியிருக்கும் நேரத்தில் தறிக்காரர் வீட்டுக்கே போனால் ஊடை நிறத்தை நீங்களே தெரிவுசெய்யலாம். விரித்துக் காட்டும்போது நடுவைப் பார்க்க வேண்டாம், நாலு மூலையையும் புரட்டிப் பாருங்கள். அவை சதுரமாக இருந்தால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.